துப்பாக்கிக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்: வீட்டுக்கு வந்த பி.சி.பி.யும் மற்ற அனுபவங்களும்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் மூன்று வைத்திருக்கிறேன். அப்பா காலத்து பேரல் மடக்கி ஒன்று, அப்புறம் நானே வாங்கியவை இரண்டு. போன மாதம் நான்காவதாக ஒரு பி.சி.பி., அதாவது அழுத்திய காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் ஏர் ரைஃபிள், வந்து சேர்ந்தது. இந்தியத் தயாரிப்பு, துளை 4.5 மி.மீ., குண்டின் சக்தி 20 ஜூலுக்குள். "வாங்கலாமா, எப்படி இருக்கு?" என்று தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் நாம்தான் ஸ்பிரிங்கை அழுத்துகிறோம். பி.சி.பி.யில் அந்த வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. பேரலுக்குக் கீழே ஒரு சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். விசையை இழுத்ததும் ஒரு சின்ன சுத்தியல் வால்வைத் தட்டும், அளவாகக் கொஞ்சம் காற்று வெளியே வந்து பெல்லட்டை, அதாவது குண்டை, தள்ளும். அவ்வளவுதான். உதையும் இல்லை, அதிர்வும் இல்லை.

இது ஒன்றும் இன்று நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிராண்டோனி ரைஃபிள் என்று ஒன்று இருந்தது. அதன் காற்றுக்குடுவையை நிரப்பக் கைப்பம்பை 1,500 தடவை அடிக்க வேண்டும் என்பார்கள். அந்தச் சிப்பாய்களின் தோள்பட்டையை நினைத்துப் பார்க்கிறேன்.

ஏனென்றால் நம் பிரச்சினையும் அதேதான். பி.சி.பி. வாங்குகிறவர்கள் எந்த மாடல், எந்த ஸ்கோப் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காற்றை எங்கே நிரப்பப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், துப்பாக்கி அப்புறம். நான் பல மாதம் காத்திருந்ததற்குக் காரணம் இது ஒன்றுதான்.

கைப்பம்பு எல்லோரும் சொல்கிற வழி. என் சிலிண்டர் 200 சிசி. 100 பாரிலிருந்து 200-க்கு ஏற்ற வெளிக்காற்று 20 லிட்டர் உள்ளே போக வேண்டும். ஆள் திடமாக இருந்தால் முடியும். கடைசி 30 பாருக்குப் பம்பின் மேல் உடம்பைச் சாய்த்து ஏறி நின்றால்தான் இறங்கும். ஆனால் நான் யோசித்தது தண்ணீரைப் பற்றி. என் வீடு கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லை. 30 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் என்றால், அந்த 20 லிட்டர் காற்றுக்குள் ஏறக்குறைய அரை கிராம் நீராவி இருக்கும். 200 பாருக்கு அமுக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். பம்பில் வடிகட்டி இருந்தால் கொஞ்சம் பிடிக்கும், மீதி உள்ளே போகும். எஃகுச் சிலிண்டரிலும் வால்வு இருக்கையிலும் துரு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சென்னை, கடலூர், தூத்துக்குடிக்காரர்கள் பம்புதான் வழி என்றால், சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தியை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அடித்ததும் நிறுத்தி, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஆறட்டும். சூட்டில்தான் சீல்கள் போகும்.

நான் எடுத்தது ஸ்கூபா வழி. புதுச்சேரியில் கடலுக்குள் முக்குளிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கம்ப்ரஸர் மூச்சு விடுவதற்கான காற்றைத் தருவது, வடிகட்டி உலர்த்தியது. 12 லிட்டர் சிலிண்டர் ஒன்றை, அது அழுத்தம் தாங்குமா என்று பார்க்கும் நீரழுத்தச் சோதனையின் தேதி பார்த்து வாங்கி, அங்கே நிரப்பி வைத்துக்கொண்டேன். 200 பார் உள்ள அந்தச் சிலிண்டரிலிருந்து முதல் தடவை நிரப்பினால் துப்பாக்கி 198 வரை வரும். ஒவ்வொரு நிரப்புக்கும் ஒன்றரை பார் சொச்சம் குறையும். இருபது தடவைக்குப் பிறகும் 170 பாருக்கு நிரப்பலாம். என் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டர் இருப்பதால் அதுவே தாராளம். குழாயின் வால்வை மட்டும் மெல்ல, நூலிழை அளவுக்குத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் சிலிண்டர் சூடாகி, முள் 200 காட்டும், ஆறின பிறகு பார்த்தால் 185-ல் நிற்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "வெல்டிங் கடையில் ஆக்சிஜன் இருக்கே, அங்கேயே அடிச்சுக்கலாமே" என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். உயரழுத்த ஆக்சிஜனும் துளி கிரீஸும் சந்தித்தால் வெடிக்கும். உள்ளே காற்றைத் தவிர எதுவும் போகக் கூடாது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான், மோட்டார் ஆயில் ஆகாது.

சட்ட விஷயம் சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேலோ 4.5 மி.மீ.க்கு மேலோ போனால் லைசென்ஸ் வேண்டும். அதற்குள் இருந்தால் அடையாள அட்டை, முகவரிச் சான்று கொடுத்து வாங்கலாம். வாங்கப் போன ஒரு கடையில், "சுத்தியல் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் டைட் வெச்சுத் தரட்டுமா சார், பவர் ஏறும்" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கியில் கனமான பெல்லட் போட்டால் சக்தி பெரும்பாலும் குறையும். பி.சி.பி.யில் தலைகீழ், கனம் கூடக் கூட ஜூல் ஏறும். 8.44 கிரெயின் (பெல்லட்டின் எடை அளவு) பெல்லட் வினாடிக்கு 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் வந்துவிடும். 10.34 கிரெயினுக்கு 244 மீட்டரே போதும். ஆகவே குண்டின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃபில் அளக்கும்போது நம்மிடம் இருப்பதிலேயே கனமான பெல்லட்டை வைத்து அளப்பதுதான் முறை.

சுட்டுப் பார்த்த கதைக்கு வருகிறேன். தோட்டத்தில் 25 மீட்டர், பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதற்கும் பின்னால் மண்மேடு. அப்பாவின் பழைய ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் கோபித்துக்கொள்ளும். பிடியைத் தளர்த்தி, அது போகிற போக்கில் விட்டால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். புது பி.சி.பி.க்கு அந்த வம்பெல்லாம் இல்லை, சாய்த்து வைத்து இழுத்தால் போதும். முதல் பத்துக் குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. சந்தோஷம்தான், ஆனால் ஒரு சங்கடமும் உண்டு. குண்டு விலகினால் பழி போட ஸ்பிரிங் இல்லை. ஸ்கோப் பேரலுக்கு மேலே உயரமாக இருப்பதால் 10 மீட்டரில் குண்டு குறிக்குக் கீழே விழும். அதைத் துப்பாக்கிக் கோளாறு என்று நினைத்துத் திருகாதீர்கள்.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஸ்பிரிங் துப்பாக்கி "டப்" என்று அடங்கும், இது சாட்டையைச் சொடுக்கியதுபோல வெடிக்கிறது. எங்கள் வீட்டு நாய் இப்போதெல்லாம் துப்பாக்கிப் பையைப் பார்த்ததுமே கொல்லைப்புறம் போய்விடுகிறது.

வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு: மேகசினைக் கழற்றினால் காலி என்று நம்பாதீர்கள். போல்ட்டைத் தள்ளியிருந்தால் ஒரு பெல்லட் பேரலுக்குள் உட்கார்ந்திருக்கும். மேகசினோடு போல்ட்டை இரண்டு தடவை இழுத்துத் தள்ளினால் இரண்டு பெல்லட். என் வழக்கம், முடித்ததும் மணல்பெட்டிக்குள் ஒரு முறை விசையை இழுத்துவிட்டுத்தான் பீரோவில் வைப்பது. சிலிண்டரில் 100 பார் அளவுக்குக் காற்று இருக்கட்டும், அந்த அழுத்தம்தான் வால்வை மூடி வைக்கிறது.

கோவையிலிருந்து:

அண்ணே, அருமையா எழுதியிருக்கீங்க. என்னுடையது ரெகுலேட்டர் இல்லாத பழைய மாடல். 200 பாருக்கு நிரப்பினால் முதல் சில குண்டுகள் மெதுவாகப் போகும், அப்புறம் வேகம் ஏறி, கொஞ்ச நேரம் ஒரே சீராக நின்று, பிறகு இறங்கும். அழுத்தம் அதிகமாக இருக்கும்போது சுத்தியலால் வால்வை முழுசாகத் திறக்க முடிவதில்லை. ஆகவே நான் 180 வரைதான் நிரப்புகிறேன். புத்தகத்தில் போட்டிருப்பது உச்சவரம்பு, அதுவரை ஏற்றியே ஆக வேண்டும் என்று இல்லை.

கசிவு பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி 180, காலையில் 120. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் நிரப்பும் வாயில் குமிழி வந்தது. எங்கள் ஊர் பம்பு ஊர், ஓ-ரிங்குக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது சாதாரண 70 ஷோர் நைட்ரைல் ரப்பர் (ஷோர் என்பது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு). பார்த்தால் அச்சு அசல் அதேதான். ஆனால் இந்த அழுத்தத்துக்கு அது பிதுங்கி, இடுக்கில் மாட்டி வெட்டுப்படும். ஹைட்ராலிக் சாமான் விற்கிற கடையில் 90 ஷோர் என்று கேட்டு வாங்கினேன். ஒரு டீ விலைகூட இல்லை. கழற்றுவதற்கு முன் காற்றை முழுவதும் இறக்கியாக வேண்டும், அதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

மதுரையிலிருந்து:

நான் 10 மீட்டர் போட்டிக்காரி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கிய பிறகு எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் ரேஞ்சுக்கு வருகிறார்கள். பலருக்கும் கையில் சேருவது யாராவது சீனியர் விற்கும் பழைய ஜெர்மன் ரைஃபிள்தான், எனக்கும் அப்படித்தான். வாங்கப் போகும்போது எல்லோரும் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்த்தது சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியை. போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்கு ஆயுள் பத்து ஆண்டு, சர்வதேச விதியும் அதைத்தான் சொல்கிறது. அது கடந்துவிட்டால் கருவிச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியது சுடுகிறவர்தான். எனக்கு வந்ததில் ஒரு வருடம்கூட மிச்சமில்லை. விற்றவர் நல்ல மனுஷர், புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் முடிந்தது.

எங்கள் இலக்கில் பத்துக்கான புள்ளி அரை மி.மீ., பெல்லட்டோ 4.5 மி.மீ. அதனால் அண்ணன் சொன்ன "பழி போட ஸ்பிரிங் இல்லை" என்பது எங்களுக்குத் தினசரிக் கதை. அப்புறம், பெல்லட்டைப் பெட்டிப் பெட்டியாக வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று தலை அளவுகளில் கொஞ்சம் வாங்கி உங்கள் பேரலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். 4.49, 4.50, 4.51 என்று வரும். அந்த நூறில் ஒரு மி.மீ. காகிதத்தில் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

பி.சி.பி. வந்த சேதி ஊரில் பரவினதும், துப்பாக்கியைப் பார்க்க வந்தவர்களைவிட வேலை கொடுக்க வந்தவர்கள்தான் அதிகம். "மடையான் நாலு அடிச்சுத் தாயேன் தம்பி" என்று, வயலில் வரும் கொக்கைச் சொல்லி, ஒரு பெரியப்பா. நெல்லில் மயில் மேயுது என்று இன்னொருவர். மயில் தேசியப் பறவை, மடையானும் கொக்கும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன, நான் ஜெயிலுக்குப் போனால் நீங்கள் வந்து சாப்பாடு கொடுப்பீர்களா என்று கேட்டேன். பெரியப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர்கன்களைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள், பறவைகள் போய்க்கொண்டிருக்கின்றன என்பதற்காக. நம் பக்கமும் அந்த நிலைமை வந்தால் காகிதத்தில் சுடும் நமக்கும் சேர்த்துத்தான் கஷ்டம்.

சத்தம் கேட்டு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். ரோந்து வந்த ஏட்டய்யா நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். "லைசென்ஸ் எங்கே?" பில்லை எடுத்துக் காட்டினேன். துளை அளவும் ஜூல் கணக்கும் அதிலேயே அச்சாகியிருந்தது. மண்மேட்டைப் பார்த்தார், பின்னால் வயல்தானா, ஆள் நடமாட்டம் உண்டா என்று கேட்டார், பில்லைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லோரும் பில்லின் நகல் ஒன்றைத் துப்பாக்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்" என்று மட்டும் எழுதித் தந்தால், ஜூலையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் எழுதியவன்:

தஞ்சாவூர்த் தம்பிக்கு நன்றி, ஜூல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, என் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். கோவைத் தம்பி, 90 ஷோர் ஓ-ரிங் ஒரு செட் எனக்கும் வாங்கி அனுப்ப முடியுமா? அளவுகளை நாளைக்கு அளந்து அனுப்புகிறேன், பணம் போட்டுவிடுகிறேன். மதுரைத் தங்கச்சி சொன்ன 4.51 தலையளவு கிடைக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இங்கே 4.52 மட்டும்தான் கிடைக்கிறது. அடுத்த ஞாயிறு சிலிண்டர் நிரப்பப் புதுச்சேரி போகிறேன். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது நிரப்ப வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வண்டியில் இன்னும் ஒரு சிலிண்டருக்கு இடம் இருக்கிறது. சோதனைத் தேதி முடிந்ததை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், அங்கே நிரப்பமாட்டார்கள்.