ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா: (ஃபார்வேர்டு) எச்சரிக்கை!! சைபீரியாவில் இருந்து லட்சக்கணக்கான ராட்சதக் கழுகுகள் நாகாலாந்தில் நுழைந்தன. கைக்குழந்தைகளை வெளியே விடாதீர். 10 பேருக்கு அனுப்பவும்.

சித்ரா சித்தி: ஐயோ செந்தில் அங்கதான இருக்கான்

சித்ரா சித்தி: ஏல போனை எடுல

கார்த்தி: நோட்டுக்குள்ள சிப்பு இருக்குன்னு அனுப்புனதும் பெரியப்பாதான்

பெரியப்பா: வந்தத அனுப்புனேன்

செந்தில்: சித்தி, சிக்னல் இல்ல. வோக்கா மாவட்டத்துல டோயாங் அணைக்கு வந்திருக்கேன், அந்தப் பறவையப் பாக்கத்தான். ராட்சதமாம்! மாடப்புறாவ விடச் சின்னது. 150 கிராம் இருக்கும்

கவிதா: வளைகாப்புக்கு லீவு இல்ல. இதுக்கு உண்டோ

செந்தில்: ஞாயித்துக்கிழமைக்கா

சித்ரா சித்தி: பால்காய்ப்புக்கும் இப்படித்தான் சொன்னான்

முருகேசன் மாமா: அது கழுகே கிடையாது. அமூர் வல்லூறு. தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் கிளம்பும். அக்டோபர், நவம்பரில் நாகாலாந்து, மணிப்பூரில் இறங்கும். அங்கே அப்போது ஈசல் காலம். தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டு இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை போகும். 2013இல் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பூட்டி விட்டார்கள். பெயர் நாகா, வோக்கா, பாங்தி. (தொடரும்)

கார்த்தி: மாமா பெல் அடிச்சாச்சு

சித்ரா சித்தி: ஈசலா! ஆச்சி அரிசியோட சேத்து வறுப்பாளே

கவிதா: சித்தி எனக்கு வாய் ஊறுது

பெரியப்பா: மாசமா இருக்கையில ஈசல் ஆகாது

கவிதா: இதுவும் ஃபார்வேர்டா பெரியப்பா

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செந்தில்: (படம்) (படம்) கம்பி பூரா அதுதான். கால் பாருங்க, செக்கச்செவேல்னு

சித்ரா சித்தி: பிடிச்சுத் திங்கமாட்டாங்களா அங்க

செந்தில்: 2012 வரைக்கும் அதான் நடந்துச்சு. அடையுற இடத்துல மீன் வலையக் கட்டிப் பிடிச்சு ஆயிரக்கணக்குல வித்திருக்காங்க. படம் வெளிய வந்து நாறிப்போச்சு. அடுத்த வருசமே பாங்தி ஊர்க்காரங்க கூடி நிப்பாட்டிட்டாங்க. இப்ப பாக்க வாறவங்களுக்கு வீட்டுலயே தங்க இடம் கொடுக்காங்க

சித்ரா சித்தி: ஆச்சி கேக்கா, நடுக்கடல்ல அதுக்கு என்ன தீனி?

முருகேசன் மாமா: நல்ல கேள்வி. ஒருவகைத் தட்டானும் அதே காலத்தில் அதே கடலைத் தாண்டுகிறது. அதைப் பிடித்துத் தின்னலாம் என்பது ஒரு கருத்து.

கார்த்தி: தட்டான் கடல் தாண்டுதா 😳

சித்ரா சித்தி: ஆச்சி சொல்லுதா, அது சைபீரியாவுலருந்து வருது, இவனுக்கு திமாப்பூர்லருந்து வர வலிக்குதாம்

செந்தில்: ஆச்சிகிட்ட சொல்லுங்க, வெயிட்டிங் லிஸ்ட் 41

கவிதா: தேதி 16ஆ 23ஆ, அதச் சொல்லுங்க முதல்ல

பெரியப்பா: நாள் நான் பாத்துச் சொல்லுதேன்

கார்த்தி: வீட்டுலயா மண்டபமா

சித்ரா சித்தி: வீட்டுலதான்

பெரியப்பா: மண்டபத்துக்குப் போன மாசமே அட்வான்ஸ் கொடுத்தாச்சு

சித்ரா சித்தி: எந்த மண்டபம்??