கிளாம்ப் மீட்டர் 0.00 காட்டுகிறது: அடுப்பும் குக்கரும் எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது?

காவேரிக்கரை:
வணக்கம். திருச்சியில் வாடகை வீடு, பழைய ஒயரிங். சமையலறை முழுவதுக்கும் ஒரே எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழுகிற சுவிட்ச்), அதன் மேல் சி10, அதாவது 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 700 வாட் ரைஸ் குக்கர், 750 வாட் மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. காலையில் அடுப்பும் குக்கரும் ஓடும்போது சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் எம்சிபி விழுந்துவிடுகிறது. போட்டவுடனே விழுவதில்லை, அரைத்து முடிக்கிற சமயத்தில்தான்.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "20 ஆம்பியர் எம்சிபி மாத்திடலாம், அப்புறம் விழவே விழாது" என்கிறார். சுவருக்குள் இருக்கிற ஒயர் அதைத் தாங்குமா என்று எனக்குப் பயம். எவ்வளவு கரண்ட் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளலாம் என்று, ஒயரைக் கவ்வியே கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன். அடுப்பின் ஒயரைக் கவ்வ வைத்தால் 0.00. குக்கரிலும் அதே கதை. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, மீட்டரில் பூஜ்யம்! மீட்டர் பழுதா? கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் ஓரிரு நாள்தான் இருக்கிறது.

டெஸ்டர் தம்பி:
டயல் ஏசி ஆம்பியரில்தானே இருக்கிறது, அக்கா? டிசியில் வைத்தாலும் பூஜ்யம்தான் வரும்.

காவேரிக்கரை:
ஏசியில்தான், தம்பி. 20, 200 இரண்டு அளவிலும் வைத்துப் பார்த்தேன்.

சேலம் வாசகன்:
மல்டிமீட்டர் இருந்தால் அதில் 10 ஆம்பியர் துளை இருக்குமே. ஃபேஸ் ஒயரை வெட்டி நடுவில் அதைச் சேர்த்தால் நேராகவே அளவு தெரிந்துவிடும். கிளாம்ப் மீட்டர் எதற்கு?

பழைய ஒயர்மேன்:
சேலம் வாசகன், தயவுசெய்து அந்த யோசனையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். 230 வோல்ட்டில் ஒயரை வெட்டி நடுவில் மீட்டரைச் சேர்ப்பது பயிற்சி இல்லாதவர்கள் செய்கிற வேலையே இல்லை. மலிவு மீட்டர்கள் சிலவற்றில் அந்த 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. இன்னொன்று, அளந்து முடித்தபின் லீடை அந்தத் துளையிலேயே மறந்துவிட்டு, அடுத்து வோல்ட் பார்க்க பிளக் பாயிண்டில் குத்தினால் ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஷார்ட் ஆகும். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

அம்மா, உங்கள் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடுப்பின் ஒயருக்குள் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று இருக்கின்றன. ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் அதே நேரத்தில் நியூட்ரலில் எதிர்த் திசையில் திரும்புகிறது. கிளாம்ப் மீட்டர் ஒயரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைத்தான் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூஜ்யம் வரும். ஒற்றை ஒயரை மட்டும் கவ்வ வேண்டும்.

அதற்காக அடுப்பின் ஒயரைக் கீறிவிடாதீர்கள். ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் த்ரீ கோர் ஒயர் ஒரு மீட்டர், 16 ஆம்பியர் பிளக் டாப் ஒன்று, 16 ஆம்பியர் சாக்கெட் வைத்த பெட்டி ஒன்று. 16 ஆம்பியர் சாக்கெட்டில் 6 ஆம்பியர் பிளக்கும் ஏறுகிற மாதிரி வாங்கினால் மிக்ஸிக்கும் குக்கருக்கும் தனியாக ஒன்று வேண்டாம். ஒயரின் நடுவில், மேலே இருக்கிற கறுப்பு உறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரித்து எடுங்கள். உள்ளே இருக்கிற மூன்று ஒயர்களின் சொந்த இன்சுலேஷனில் கத்தி படவே கூடாது. பட்டுவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒயர் எடுங்கள். சிவப்பை (சில ஒயரில் பழுப்பு) மட்டும் லேசாக வெளியே இழுத்துவிட்டால் கிளாம்ப் அதில் சுலபமாக உட்காரும். இணைப்புகளை அந்த எலக்ட்ரீஷியனையே செய்து தரச் சொன்னாலும் நல்லது. அளந்து முடித்ததும் கழற்றி எடுத்து வையுங்கள், உறை உரித்த ஒயரைத் தினசரி உபயோகத்துக்கு விடக்கூடாது.

ஃபிரிட்ஜ் மாதிரி சின்ன கரண்டுக்கு ஒரு வழி உண்டு. அந்தச் சிவப்பு ஒயரை இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டு, கிளாம்பின் வாய்க்குள் ஐந்து தடவை சுற்றி எடுத்தால் மீட்டர் ஐந்து மடங்கு காட்டும். வந்ததை ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எதை அளந்தாலும் டிபி பாக்ஸை (எம்சிபிகள் இருக்கிற பெட்டியை) திறக்காதீர்கள்.

மீட்டர் ரீடர்:
எதையும் பிரிக்க மனசில்லாதவர்களுக்கு ஈபி மீட்டரே போதும். ஸ்டாட்டிக் (எலக்ட்ரானிக்) மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், எங்கள் வீட்டில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அடுப்பை மட்டும் போட்டு, 50 மினுக்குக்கு எத்தனை விநாடி என்று செல்போனில் வீடியோ எடுத்து எண்ணுங்கள். 50-ஐ 3600-ஆல் பெருக்கி, 3200-ஆலும் விநாடியாலும் வகுத்தால் கிலோவாட். 28 விநாடி ஆனால் ஏறத்தாழ 2 கிலோவாட். அதாவது 2000 வாட், அதை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். ஹீட்டர் வகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டார் உள்ளதற்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

காவேரிக்கரை:
ஐயா, ரொம்ப நன்றி! பக்கத்துத் தெரு கடையில் சாமான் வாங்கி, அங்கேயே இணைத்தும் வாங்கினேன். அளந்தது இதோ:

இண்டக்‌ஷன் முழு வேகத்தில் 8.4 ஆம்பியர். குறைந்த வேகத்தில் நிலையாக நிற்கவில்லை, சில விநாடி ஓடுகிறது, சில விநாடி பூஜ்யமாகிறது.
ரைஸ் குக்கர் 2.9, வார்ம் நிலைக்குப் போனதும் 0.2.
மிக்ஸி சும்மா சுற்றினால் 1.3, தேங்காயும் பொட்டுக்கடலையும் கெட்டியாக அரைபடும்போது 2.6.
ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 0.9.

ஒரு சந்தேகம். ஃபிரிட்ஜுக்கு 0.9-ஐ 230-ஆல் பெருக்கினால் 207 வாட் வருகிறது. மினுக்கு எண்ணிப் பார்த்தால் 125 வாட்தான். எது சரி?

பழைய ஒயர்மேன்:
இரண்டும் சரி. மோட்டார் இழுக்கிற கரண்ட் வோல்ட்டேஜுக்குக் கொஞ்சம் பின்தங்கியே வருவதால் ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கினால் வாட் ஆகிவிடாது, அந்தப் பின்தங்கலைக் கணக்கில் கொள்கிற பவர் ஃபேக்டர் என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். உங்கள் ஃபிரிட்ஜுக்கு அது சுமார் 0.6. வீட்டு பில்லுக்கு வாட் கணக்கு. ஒயர் சூடாவதற்கும் எம்சிபி விழுவதற்கும் ஆம்பியர் கணக்கு.

இப்போது கூட்டிப் பாருங்கள். அடுப்பு, குக்கர், ஃபிரிட்ஜ் மூன்றும் 12.2. மிக்ஸி சேர்ந்தால் 14.8. (பவர் ஃபேக்டர் வேறுவேறு என்பதால் நேராகக் கூட்டுவது ஒரு நூல் கூடுதலாகத்தான் வரும், அது நமக்குப் பாதுகாப்பு.) 10 ஆம்பியர் எம்சிபி 11.3 வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 14.5 போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது தரவிதி. உள்ளே இருக்கிற இரட்டை உலோகப் பட்டை 12.2-இலேயே வெந்துகொண்டிருக்கிறது, மிக்ஸி வந்ததும் வளைந்து தட்டிவிடுகிறது. அதனால்தான் போட்டவுடன் விழாமல் அரைத்து முடிக்கும்போது விழுகிறது. எம்சிபியில் ஒரு கோளாறும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

எம்சிபி இருப்பது சுவருக்குள் போகிற ஒயரைக் காப்பாற்ற. பழைய வீட்டில் 10 ஆம்பியர் போட்டிருந்தால் அந்த லைன் பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் எம்எம்தான். அதில் 20 ஆம்பியர் எம்சிபியை வைத்தால் விழாது என்பது உண்மைதான். ஆனால் ஒயர் உள்ளுக்குள் சூடேறி இன்சுலேஷன் உருகுகிறபோது தடுக்க ஆளிருக்காது. இப்படிக் கருகிய பைப்புகளை நான் என் கையாலேயே உருவி எடுத்திருக்கிறேன். ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள், அம்மா.

அடுப்புக்கு டிபியிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 2.5 ஸ்கொயர் எம்எம், 16 ஆம்பியர் எம்சிபி, எர்த்தோடு. மிச்சம் 6.4 ஆம்பியர், அந்தப் பழைய லைனுக்கு அது தாராளம். அதுவரை குக்கர் வார்ம் நிலைக்கு வந்தபின் மிக்ஸியைப் போடுங்கள்.

அடுப்பின் பிளக் டாப்பையும் ஒருமுறை பாருங்கள். அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கை உருவி, பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று கவனியுங்கள். தொடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

காவேரிக்கரை:
பார்த்தேன், ஐயா. ஃபேஸ் பின் பக்கம் லேசாகப் பழுத்திருக்கிறது. சாக்கெட்டில் அந்தப் பின் தளர்வாக ஆடவும் செய்கிறது. வீட்டுக்காரரிடம் இந்த அளவுகளையும் பிளக்கின் போட்டோவையும் காட்டினேன். தனி லைனுக்குச் சம்மதித்துவிட்டார், சாக்கெட்டும் புதிதாக மாற்றுவார்கள். அதுவரை அடுப்பைத் தொடவில்லை, கேஸில்தான் சமையல்.

கரிசல் காடு:
இதிலேயே ஒரு கேள்வி. எங்கள் ஊரில் சாயங்காலம் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கிவிடும். அப்போது ஆம்பியர் கூடுமா, குறையுமா?

பழைய ஒயர்மேன்:
சாமானைப் பொறுத்தது. ரைஸ் குக்கரில் இருப்பது வெறும் ஹீட்டர் கம்பிச்சுருள், 190-இல் கரண்டும் குறைந்து 2.5 பக்கம் வரும். வாட் 480-க்கு இறங்கிவிடும், சோறு வேக நேரமாகும். இண்டக்‌ஷன் சொன்ன வாட்டை விடாமல் பிடித்துக்கொள்கிற மாடலாக இருந்தால் கரண்ட் ஏறும், 2000 வாட்டுக்குப் பத்தரை ஆம்பியர் வரை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் குறைந்த வோல்ட்டில் கிளம்பத் திணறும், அந்தத் திணறல்தான் வைண்டிங்கைக் கெடுக்கும். முதலில் ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள். பிறகு சாயங்காலம் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடுப்பை அளந்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.