சேது 60: ரகசியக் குழு (சேதுவுக்குச் சொல்லக்கூடாது)

*செவ்வாய், இந்திய நேரம் காலை 7.05*

சுந்தரம் பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். ஜோசியரிடம் பேசிவிட்டேன். சேதுவின் நட்சத்திரம் ஐப்பசியில் வியாழக்கிழமை வருகிறது. அன்று காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம். முடிந்தது.

நிவேதா: பெரியப்பா, வியாழக்கிழமை எல்லோருக்கும் ஆபீஸ் 😬

சுந்தரம் பெரியப்பா: நட்சத்திரம் உங்கள் ஆபீஸைக் கேட்டுக்கொண்டு வராது.

ராஜி அத்தை: இந்திய நேரமா அமெரிக்க நேரமா அண்ணா?

சுந்தரம் பெரியப்பா: கேட்டுச் சொல்கிறேன்.

வசந்தி சித்தி: கோயில் ஹால் சனிக்கிழமைக்குத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.

கார்த்தி: தொடங்கிவிட்டது 🍿

அரவிந்த்: தேதி பிறகு பார்க்கலாம். மாமாவைப் பற்றி 5 நிமிடம் பேசச் சொல்லி அம்மா என் தலையில் கட்டிவிட்டார். நான் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கை வைத்துப் பேசலாம் என்றிருக்கிறேன்.

ராஜி அத்தை: யாரப்பா அது? நம் பக்கத்து ஆளா?

நிவேதா: அப்பாவின் உயிர் 😂 அந்தப் பெரிய தாடிக்காரர்

வசந்தி சித்தி: வேண்டாம் அரவிந்த். வீட்டில் கேட்பது போதும்.

அரவிந்த்: அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர், குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள் அவர்தான். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். 2005இல் ஏழாவது சுற்றில், 250ஆவது ஆளாக, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி இவரை எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்கள் பலர் நீண்ட நாள் நிற்க மாட்டார்கள். இவர் 17 சீசன் ஆடினார், 9 அணிகளுக்கு. ராம்ஸ், சின்சினாட்டி, பஃபலோ, டென்னஸி, ஹூஸ்டன், நியூயார்க் ஜெட்ஸ், டாம்பா பே, மயாமி, கடைசியில் வாஷிங்டன். ஒன்பது அணிக்கும் முதல் ஆளாக இறங்கி ஆடியிருக்கிறார். வேறு எந்தக் குவார்ட்டர்பேக்கும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை.

கார்த்தி: ஐபிஎல்லில் ஆரோன் ஃபிஞ்ச் மாதிரி. அவனும் ஒன்பது அணி.

அரவிந்த்: அதேதான். ஆனால் ஃபிஞ்சுக்கு உலகக்கோப்பை இருக்கிறது. இவருக்கு ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூடக் கிடையாது.

சுந்தரம் பெரியப்பா: ஒன்பது இடம் மாறியவனைப் பற்றி மணிவிழாவில் பேச வேண்டுமா? சேதுவைக் கிண்டல் செய்கிறாயா?

ராஜி அத்தை: அண்ணா, அவன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான்.

சுந்தரம் பெரியப்பா: சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. அப்பாவும் அதைத்தான் சொல்வார்.

கார்த்தி: சித்தப்பா மொத்தம் எத்தனை கம்பெனி?

நிவேதா: ஏழு?

ராஜி அத்தை: எட்டு என்றல்லவா சொன்னான்.

வசந்தி சித்தி: கம்பெனிக் கணக்கு எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டி கட்டிய கணக்குதான் தெரியும்.

*காலை 8.20*

வசந்தி சித்தி: பெரியத்தான், மரியாதையாகவே சொல்கிறேன். அவர் விட்டு ஓடியது இரண்டு இடத்தில்தான். மற்றதெல்லாம் அவர்கள் அனுப்பியது. 2001இல் வேலை போனபோது இப்போது மாதிரி 60 நாள் அவகாசம் எல்லாம் கிடையாது. விசா கம்பெனியோடு போய்விடும். எந்த ஊர் கூப்பிடுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். நிவேதா கைக்குழந்தை.

சுந்தரம் பெரியப்பா: நான் அதைச் சொல்லவில்லை அம்மா.

சுந்தரம் பெரியப்பா: அப்பா படுக்கையில் கிடந்தபோது அவன் டெக்சாஸில் வீடு மாற்றிக்கொண்டிருந்தான். அதைத்தான் சொல்கிறேன்.

வசந்தி சித்தி: பாஸ்போர்ட் விசா முத்திரைக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் சொன்னேன்.

ராஜி அத்தை: இப்போது எதற்கு அது. சமையலுக்கு யார் என்று முடிவு செய்யுங்கள்.

கார்த்தி: சாம்பார் வெங்காயத்தோடா இல்லாமலா

ராஜி அத்தை: கோயிலில் எப்படி வெங்காயம் போடுவார்கள்? கேட்கிறான் பார்.

அரவிந்த்: நான் சொல்ல வந்ததும் சித்... மன்னிக்கவும், வசந்தி அத்தை சொன்னதுதான். ஃபிட்ஸ்பேட்ரிக் ஓடிப்போனவர் இல்லை. 2011இல் பஃபலோவில் முதல் மூன்று ஆட்டமும் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டம் நியூ இங்கிலாந்துக்கு எதிராக, டாம் பிரேடி அணி. 0-21 என்று பின்தங்கி 34-31 என்று ஜெயித்தார்கள். அதற்குமுன் அந்த அணியிடம் தொடர்ந்து 15 ஆட்டம் தோற்றிருந்தது பஃபலோ. அந்த அக்டோபரில் 6 வருடத்துக்கு 59 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள்.

ராஜி அத்தை: அடேயப்பா.

கார்த்தி: பிறகு என்ன, செட்டில்தானே?

அரவிந்த்: அதுதான் இல்லை. அந்த லீக்கில் ஒப்பந்தத் தொகை முழுதும் உறுதி கிடையாது. வேண்டாம் என்றால் பாதியில் வெட்டிவிடலாம். விலா எலும்பு உடைந்த நிலையில் ஆடினார், அணி சரிந்து 6 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது. அடுத்த சீசனும் அதே 6-10. 2013 மார்ச்சில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆறு வருட ஒப்பந்தம் இரண்டு வருடம்கூட ஓடவில்லை.

வசந்தி சித்தி: அன்று இவர் சாப்பிடவில்லை.

நிவேதா: அந்த 14ஆம் நம்பர் சட்டையை இன்னும் தூக்கிப் போட விடுவதில்லை.

சுந்தரம் பெரியப்பா: அந்த நியூ இங்கிலாந்து ஆட்டம், சேது உன்னைக் கூட்டிக்கொண்டு போனது அதுவா? ஊருக்குப் போன் செய்து கத்தினானே.

அரவிந்த்: அதேதான் பெரிய மாமா. நான் அப்போது படிக்க வந்த புதிது. விதியே தெரியாது. மாமா பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்துத்தான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது.

சுந்தரம் பெரியப்பா: ம்.

*காலை 9.10*

கார்த்தி: வேறு ஏதாவது சுவாரசியமாகச் சொல். எண்களைச் சொன்னால் ஹாலில் பாதிப் பேர் காபிக்குப் போய்விடுவார்கள்.

அரவிந்த்: 2015, நியூயார்க் ஜெட்ஸ். இவர் மாற்று ஆள். முதல் ஆள் ஜீனோ ஸ்மித். சீசன் தொடங்கும் முன் உடைமாற்றும் அறையில் சக ஆட்டக்காரர் ஒருவர் குத்தி ஸ்மித்தின் தாடையை உடைத்துவிட்டார். காரணம் 600 டாலர் பாக்கி. இவர் உள்ளே வந்து அந்த சீசனில் 31 டச் டவுன் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார். அந்த அணியின் சாதனை.

கார்த்தி: 😂😂 600 டாலருக்கா

ராஜி அத்தை: மணப்பாறை நிலத்து விவகாரத்தில் நம் வீட்டில் தாடை தப்பியதே பெரிது.

சுந்தரம் பெரியப்பா: ராஜி.

ராஜி அத்தை: சும்மா சொன்னேன் அண்ணா.

அரவிந்த்: ஆனால் கடைசி ஆட்டம் ஜெயித்தால் ப்ளேஆஃப் என்ற நிலையில், பழைய பஃபலோவிடமே போய், கடைசிக் கால் பகுதியில் மூன்று முறை பந்தை எதிரி கையில் கொடுத்துத் தோற்றார். அடுத்த வருடம் கன்சாஸ் சிட்டியிடம் ஒரே ஆட்டத்தில் ஆறு முறை. அவர் அப்படித்தான். ஒரு வாரம் ‘ஃபிட்ஸ்மேஜிக்’ என்று கொண்டாடுவார்கள், மறு வாரம் தலையில் துண்டு. மொத்தக் கணக்கு 59 வெற்றி, 87 தோல்வி, 1 சமன்.

சுந்தரம் பெரியப்பா: தோல்விதான் அதிகம். இதையா மேடையில் சொல்லப் போகிறாய்?

அரவிந்த்: சொல்லத்தான் வேண்டும். அதை மறைத்தால் அவர் கதையே இல்லை. நல்ல அணி இவரைத் தேடாது பெரிய மாமா. முதல் ஆளுக்கு அடிபட்டால், தடை விழுந்தால், புதுப் பையன் தயாராகாவிட்டால்தான் கூப்பிடுவார்கள். 2018இல் டாம்பாவில் ஜேமிஸ் வின்ஸ்டனுக்கு மூன்று ஆட்டத் தடை. இவர் இறங்கி மூன்றிலும் ஆட்டத்துக்கு மொத்தம் 400 கெஜத்துக்கு மேல் எறிந்தார், தொடர்ந்து மூன்று. லீக்கில் அதுவரை யாரும் செய்யாதது. ஆனாலும் நான்காவது ஆட்டத்தின் நடுவிலேயே வின்ஸ்டனிடம் இடம் போய்விட்டது.

வசந்தி சித்தி: இதை மட்டும் பேசு அரவிந்த். போதும்.

கார்த்தி: சட்டை பட்டனைத் திறந்து, தங்கச் சங்கிலி போட்டுப் பேட்டி கொடுத்தது இவர்தானே? மீம் பார்த்திருக்கிறேன்.

நிவேதா: ஆமாம் 😂 டீம் ஆளிடம் கடன் வாங்கின டிரஸ். அப்பா அதே போஸில் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்

நிவேதா: 📷 படம்

ராஜி அத்தை: கண்றாவி. யாரும் வெளியே அனுப்பாதீர்கள்.

சுந்தரம் பெரியப்பா: இது என்னுடைய தங்கச் சங்கிலி. அப்பா எனக்குக் கொடுத்தது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

வசந்தி சித்தி: அது கவரிங், பெரியத்தான்.

கார்த்தி: 🏃‍♂️

*காலை 10.35*

அரவிந்த்: இன்னும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். 2020, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மயாமி. புதுப் பையன் டூவா தடுமாற, கடைசியில் இவரை இறக்கினார்கள். 19 வினாடி பாக்கி, இரண்டு புள்ளி பின்தங்கல். எதிராளி ஹெல்மெட் கம்பியைப் பிடித்துத் தலையைத் திருப்புகிறான். பந்து போகிற பக்கமே பார்க்காமல் எறிந்தார், 34 கெஜம். மேலே எதிரணிக்கு 15 கெஜம் அபராதம். கடைசி நொடிகளில் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி), 26-25 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருடம் வாஷிங்டன் போனார். முதல் ஆட்டத்திலேயே இடுப்பில் அடி, அத்தோடு சரி. 2022இல் ஓய்வு.

ராஜி அத்தை: ஐயோ பாவம். குழந்தை குட்டி உண்டா?

நிவேதா: ஏழு பிள்ளைகள் அத்தை

ராஜி அத்தை: ஏழா! ஒவ்வொரு ஊருக்கும் அந்தப் பெண் ஏழையும் தூக்கிக்கொண்டு போனாளா?

வசந்தி சித்தி: பாருங்கள் அண்ணி. அவளைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

கார்த்தி: அரவிந்த், சித்தியைப் பற்றி இரண்டு வரி சேர். உயிர் முக்கியம்.

அரவிந்த்: சேர்த்துவிட்டேன்.

ராஜி அத்தை: வசந்தி, சேது மறுபடியும் வேலை மாறப் போகிறான் என்று கேள்விப்பட்டேனே. உண்மையா?

வசந்தி சித்தி: யார் சொன்னது?

ராஜி அத்தை: சும்மா காதில் விழுந்தது.

வசந்தி சித்தி: விழா முடியட்டும் அண்ணி.

கார்த்தி: 👀

சுந்தரம் பெரியப்பா: எந்த ஊர்?

வசந்தி சித்தி: அவரே சொல்வார் பெரியத்தான்.

சுந்தரம் பெரியப்பா: சரி. பேசட்டும் அரவிந்த். ஆனால் 59, 87 கணக்கு வேண்டாம். அப்புறம் வியாழன்தான்.

நிவேதா: பெரியப்பா, அந்த ஃபிட்ஸ்பேட்ரிக் இப்போது வியாழன் இரவு ஆட்டத்துக்கு அமேசானில் வந்து பேசுகிறார். அப்பா டிவி முன்னால் இருந்து எழுந்திருக்க மாட்டார்

சுந்தரம் பெரியப்பா: முகூர்த்தம் காலையில்.

அரவிந்த்: வியாழன் காலை வீட்டில் சின்னதாக ஹோமம், சனிக்கிழமை ஹாலில் சாப்பாடு?

ராஜி அத்தை: மாலை மாற்றுவது எந்த நாளில்?

வசந்தி சித்தி: ஹாலுக்கு முன்பணம் நாளைக்குள் கட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: ஜோசியர் போனை எடுக்கவில்லை. மாலையில் சொல்கிறேன்.

நிவேதா: கேக்கில் ஒன்பது டீம் லோகோ போடலாமா?

ராஜி அத்தை: முட்டை இல்லாத கேக் என்றால் எதை வேண்டுமானாலும் போடு.