அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கையில பிடிச்சு ஓடுற, எறியற ஆட்டம்): ப்ராக்டிஸ்ல அசத்துறவனைத்தான் மேட்ச்ல இறக்கணுமா?

மூன்றாம்டவுன்:
கோச்சுங்க எல்லாரும் பாடுற பல்லவி ஒண்ணுதான்: வாரம் பூரா யார் நல்லா ப்ராக்டிஸ் பண்றானோ அவன்தான் சனிக்கிழமை மேட்ச்ல ஆடுவான். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 2018 ஜனவரி 8, அலபாமா–ஜார்ஜியா தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனலை எடுத்துக்குங்க. இடைவேளையில அலபாமா 0-13. ரெண்டு சீசனா ஸ்டார்ட்டரா (முதல்ல இறங்கறவரா) இருந்த குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வெச்சுட்டு, முதல் வருஷப் பையன் டுவா டாகோவைலோவாவை அலபாமா கோச் நிக் சேபன் இறக்கினார். ஓவர்டைம்ல 16 யார்டு இழந்து ஒரு சாக் (எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கைச் சாய்க்கிறது), அடுத்த ஸ்னாப்பிலேயே (பந்து ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) 41 யார்டு டச்டவுன், அலபாமா 26-23 வெற்றி. அதுவரைக்கும் ஜெயிச்சு முடிஞ்ச மேட்ச்களோட கடைசியிலதான் டுவாவுக்கு வாய்ப்பு. ஆகஸ்ட்ல இருந்து அவரும் அதே மைதானத்துலதானே ப்ராக்டிஸ் பண்ணார்? அது கண்ணுல படலையா, இல்ல ப்ராக்டிஸால அதைக் காட்டவே முடியாதா?

பாக்கெட்_பார்வை:
எந்த ப்ராக்டிஸ் என்பதைப் பொறுத்தது. ஒரே நாளில் நாலைந்து விதமான பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் கணக்கு தப்பும்.

7-க்கு-7 பகுதியில் (பக்கத்துக்கு ஏழு பேர்) முன்வரிசையான லைன் கிடையாது, எறிபவரை நோக்கிப் பாயும் பாஸ் ரஷ் கிடையாது. குவாட்டர்பேக் நிதானமாக நாலு நொடி பந்தை வைத்திருந்து அழகாக எறிவார். மேட்சில் இரண்டரை நொடியில் கை கால் மேல் ஆள் விழுந்திருக்கும். அதனால் 7-க்கு-7 கணக்கையும் 11-க்கு-11 கணக்கையும் தனித்தனியாக எழுத வேண்டும். பந்து கையை விட்டுப் போன நேரத்தையும் ஸ்டாப்வாட்சில் குறிக்க வேண்டும். இரண்டே முக்கால் நொடிக்கு மேல் போனதை, பாஸ் பிடிக்கப்பட்டிருந்தாலும், சாக் என்றே எழுதுங்கள்.

அடுத்தது ஜெர்சி. ப்ராக்டிஸில் குவாட்டர்பேக்குக்குத் தனி நிற ஜெர்சி, அவரை யாரும் தள்ளக்கூடாது. டிஃபென்ஸ்காரர் பக்கத்தில் வந்தாலே விசில். பிடியில் இருந்து நழுவி ஓடுவதுதான் ஒருவருடைய பலம் என்றால், அந்தப் பலத்துக்கு ப்ராக்டிஸில் மதிப்பெண்ணே கிடையாது. ஹர்ட்ஸ் மாதிரி ஓடக்கூடியவரை இந்த அளவுகோல் எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

செவ்வாய், புதன் கிழமைகளில் எதிரில் நிற்பது பெரும்பாலும் ஸ்கவுட் டீம். அட்டையில் வரைந்ததைப் பார்த்து எதிரணி மாதிரி நடிப்பவர்கள். அவர்களைச் சாய்த்ததற்காக ஒரு டாக்கிளுக்கு (லைன் வீரர்) மார்க் போடாதீர்கள். போதாததற்கு, எந்த ஆட்டம் எந்த வரிசையில் வரும் என்ற ஸ்கிரிப்ட் காலை மீட்டிங்கிலேயே கையில் வந்துவிடும்.

நம்பத்தக்கவை என்றால் முதல் அணி அஃபென்ஸும் (பந்தை வைத்து ஆடுபவர்கள்) முதல் அணி டிஃபென்ஸும் (தடுப்பவர்கள்) நேருக்கு நேர் மோதும் பகுதி, மூன்றாம் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது), ரெட் ஸோன் (எதிரணிக் கோட்டுக்கு முந்தைய கடைசி 20 யார்டு), ஸ்கிரிப்ட் இல்லாத இரண்டு நிமிட டிரில். இதற்கெல்லாம் வாரத்தில் கிடைக்கும் ஸ்னாப்கள் கொஞ்சம்தான். சீசனில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம். மீட்டிங், ஜிம், மேட்ச் நாளுக்கான 3 மணி நேரம் எல்லாம் அதற்குள்தான். அதனால் முதல் அணி ஸ்னாப்களில் பெரும்பங்கு ஸ்டார்ட்டருக்கே போகும். ரிசர்வ் ஆள் ரிசர்வ் லைனுக்குப் பின்னால் நின்று எறிவதை வைத்து இருவரையும் ஒப்பிடுவது அநியாயம். போட்டி வைப்பதானால் வசந்தகால 15 ப்ராக்டிஸிலும் ஆகஸ்ட் கேம்பிலும் வையுங்கள். இருவருக்கும் அதே லைன், அதே அளவு ஸ்னாப், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதல் அணி.

குறும்புலி:
குவாட்டர்பேக்கை மட்டும் வெச்சுப் பேசினா இப்படித்தான் தோணும். ரன்னிங் பேக்கைப் (பந்தோட ஓடுறவன்) பாருங்க. "ஒரு ஓட்டத்துக்கு 6 யார்டு எடுக்கிறான், மூணாவது டவுன்ல ஏன் வெளியே நிக்கிறான்?"னு ரசிகர்கள் கத்துவாங்க. பாஸ் எறியறப்போ குவாட்டர்பேக்கைக் காக்கறதும் அவன் வேலை, அதனால பதில் ப்ராக்டிஸ் வீடியோவுலதான் இருக்கு.

லைன் மொத்தமா இடது பக்கம் நகருதுன்னு வைங்க. வலது பக்கம் வர்றவன் பேக்கோட பொறுப்பு. விதி ரொம்ப சிம்பிள்: உள்ளே இருந்து வெளியே. முதல்ல நடு லைன்பேக்கரைப் (எதிரணி லைனுக்குப் பின்னால நிக்கறவன்) பார், அவன் வரலைன்னா வெளியே இருக்கறவனைப் பார். புதுசா வந்த பையன் ஓரத்துல வேகமா ஓடி வர்றவனைப் பார்த்து அங்கே பாய்ஞ்சிடுவான். உள்ளே வர்றவனுக்குத் தூரம் கம்மி, நேரா குவாட்டர்பேக் நெஞ்சுல போய் மோதுவான். ஆள் சரியாப் பிடிச்சாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு முட்டப் போவான், எதிராளி ஒரு அடி விலகினா போதும், இவன் தரையில. ஒருத்தனுக்கு ஒருத்தன் பிளாக் டிரில்ல இது தெரியாது, ஏன்னா அங்கே யார் வரப்போறான்னு முன்னாடியே தெரியும். 11-க்கு-11 பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயறது) பகுதியிலதான் சாயம் வெளுக்கும். இதுல தேறாதவனை மேட்ச்ல விட்டா உடையறது குவாட்டர்பேக்கோட விலா எலும்பு.

மார்க் போடுற முறையிலயும் ஒரு ஓட்டை இருக்கு. லைன்காரனுக்கு ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பிளஸ், மைனஸ். 60 ஸ்னாப்ல 6 மைனஸ்னா 90 சதவீதம், பார்க்க அழகு. ஆனா அந்த ஆறுல ரெண்டு, ஆளை மாத்திப் பிடிச்ச தப்புன்னா? கால் வழுக்கினதும் பாடம் தெரியாததும் ஒண்ணில்ல. வேலை தெரியாம செஞ்ச தப்பைத் தனி வரிசையில எழுதணும். ஒரே வாரத்துல அது மூணைத் தாண்டினா உட்கார வைங்க, உடம்பு எவ்வளவு பலமா இருந்தாலும் சரி. என்னைக் கேட்டா ப்ராக்டிஸ் ஒரு நுழைவுத் தேர்வு. பாஸ் பண்ணாதவன் மைதானத்துல கால் வைக்கக்கூடாது, பாஸ் பண்ணவங்கள்ல யார் ஸ்டார்ட்டர்ங்கறதை மேட்ச் சொல்லட்டும்.

தெற்குஸ்டாண்ட்:
குறும்புலி சொல்றதுக்கு 2018 கிளெம்ஸன் காலேஜ் டீம் நல்ல உதாரணம். கோச் டேபோ ஸ்வின்னி முதல் நாலு மேட்ச்ல கெல்லி பிரையன்ட், ட்ரெவர் லாரன்ஸ்ங்கற ரெண்டு குவாட்டர்பேக்கையும் மாத்தி மாத்தி ஆட விட்டார். பிறகு லாரன்ஸ்தான் ஸ்டார்ட்டர்னு அறிவிச்சார், பிரையன்ட் அணியை விட்டே போயிட்டார். அந்த வருஷம்தான் 4 மேட்ச் வரைக்கும் ஆடினாலும் ரெட்ஷர்ட் வருஷம் (தகுதிக் கணக்குல சேராத சீசன்) கைல நிக்கும்னு விதி வந்தது, அதான் நாலோட கிளம்பிட்டார். அதே வாரம் சிராக்யூஸுக்கு எதிரா லாரன்ஸுக்கு அடி. மூணாவது ஆளா இருந்த சேஸ் பிரைஸ் வந்து, கடைசியில 94 யார்டு டிரைவ் (தொடர்ந்து ஸ்னாப் ஸ்னாப்பா முன்னேறறது) நடத்தி 27-23 ஜெயிக்க வெச்சார். முடிவுல 15-0, சாம்பியன்.

இப்போ வேற காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர் சுலபம்ங்கறதால "ப்ராக்டிஸ்ல நீ பத்தல"ன்னு மொட்டையாச் சொன்னா பையன் மூட்டை கட்டிடுவான். வீடியோவைப் போட்டு எந்த ஸ்னாப்ல என்ன தப்புன்னு காட்டணும். பாதி கோச்சுங்க இதைச் செய்யறதில்லைங்கறது என் அபிப்ராயம்.

மூன்றாம்டவுன்:
காயத்தால வாரம் பூரா ப்ராக்டிஸ் பண்ணாத சீனியரை என்ன பண்றது? அவரும் பரீட்சை எழுதணுமா?

பாக்கெட்_பார்வை:
பழைய மேட்ச் வீடியோவே அவருடைய தேர்வுத் தாள். ஆனால் அந்த வார ஆட்டத் திட்டம் புதுசு. ஓட வேண்டாம், மீட்டிங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்புக்கும் தன் வேலை என்ன என்று வாயால் சொல்லட்டும். வியாழக்கிழமைக்குள் 11-க்கு-11-ல் சில ஸ்னாப்களாவது முழு வேகத்தில் ஆட முடியவில்லை என்றால் ரிசர்வ் ஆள் ஸ்டார்ட் செய்வதுதான் பத்திரம், சீனியரை மூன்றாம் டவுனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கார்னர்பேக்கின் (பாஸ் பிடிக்க ஓடுபவரை விரட்டும் டிஃபென்ஸ் வீரர்) தொடைத் தசைப் பிடிப்புக்கு இந்தச் சலுகையும் வேண்டாம். முதல் நீண்ட பாஸிலேயே அதே இடம் மறுபடி பிடித்துக்கொள்ளும்.