பாம் ஷெல்டர் முழுக்க உல்லன் நூல், டிசம்பருக்குள்ள காலி பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது?

பொங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். கேக்கவே வெக்கமா இருக்கு, ஆனா வீட்ல யார்கிட்டயும் கேக்க முடியாது. 2020ல இங்க சிங்கப்பூர்ல கோவிட் ஊரடங்கு, அதான் சர்க்கிட் பிரேக்கர் சமயத்துல, சும்மா உக்கார முடியாம யூடியூப் பாத்து குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) ஆரம்பிச்சேன், அப்ப நூல் வாங்க ஆரம்பிச்ச கை இன்னும் நிக்கல. ஆன்லைன்ல சேல்னா வாங்குவேன், பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனா வெறுங்கையோட வந்ததே கிடையாது, திருச்சிக்குப் போனா மலிவா கிடைக்குதேன்னு பெட்டியில துணியைக் குறைச்சுட்டு நூலை அடைச்சுட்டு வருவேன். பின்னுறது என்னவோ மாசத்துக்கு ஒரு பொம்மை, அதுவும் காது வைக்காம கிடக்கும்.

மாமியார் டிசம்பர்ல வர்றாங்க. அவங்க பெட்டி, எக்ஸ்ட்ரா மெத்தை எல்லாம் வைக்க பாம் ஷெல்டர், அதான் வீட்டுக்குள்ள ஸ்டோர் ரூமா வெச்சிருக்கிற பதுங்கு அறை, வேணும். நேத்து அந்த இரும்புக் கதவைத் திறந்து எல்லாத்தையும் ஹால்ல இறக்கி, பாத்ரூம் ஸ்கேல்ல வெறுங்கையோட ஒரு தடவை, பையைத் தூக்கிட்டு ஒரு தடவைன்னு நின்னு கழிச்சுப் பாத்தா மொத்தம் 17 கிலோ. வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்லல, போய் டீ போட்டுட்டு வந்து "ஆடே ஒண்ணு செஞ்சிடலாம் போல"ன்னுட்டு டிவி பாக்கப் போயிட்டார்.

இப்ப சிக்கல் என்னன்னா, பாதிக்கு லேபிள் இல்ல, எது கம்பளி எது அக்ரிலிக்னே (செயற்கை நூல்) தெரியல. சில பையில ஈர நாத்தம். எலுமிச்சம்பழம் அளவுக்கு மிச்ச உருண்டை மட்டும் 200க்கு மேல. ஒரு பையில நூலை இழுத்தா அறுந்து அறுந்து வருது, அது ஏன்னு புரியல. எனக்கு இருக்கிறது மூணு மாசம். என்ன பண்ணலாம்?

செங்காங்_அண்ணன்:
தூக்கிப் போடுங்க சிஸ். நிம்மதி.

பூன்லே_பாட்டி:
தம்பி நீ சும்மா இரு. பொங்கோல் அம்மா, மத்ததெல்லாம் அப்புறம், அந்த அறுந்து வர்ற பையை முதல்ல மத்ததுக்கிட்ட இருந்து தள்ளி வை, இப்பவே. நூல் அறுந்த இடம் எப்படி இருக்கு, இழுத்து பிஞ்ச மாதிரியா இல்ல கத்தரிச்ச மாதிரியா? பை மடிப்புல சாம்பல் கலர்ல, சின்ன பூசணி விதை மாதிரி தட்டையா ஏதாவது ஒட்டியிருக்கா பாரு. நம்ம ஊர் வீட்ல சுவத்து மூலையில, சீலிங் ஓரத்துல அப்பப்ப தெரியுமே, தொடாம பாத்துட்டு இருந்தா உள்ளேருந்து ஒரு புழு தலையை நீட்டும், அதே தான்.

பொங்கோல்_அம்மா:
ஐயோ பாட்டி ஆமா! நான் அதை தூசி கட்டின்னு நெனச்சு சீப்பால தட்டி விட்டுட்டேன். ஏழெட்டு இருந்துச்சு. நூல் கத்தரிச்ச மாதிரி தான் இருக்கு, சில இடத்துல பாதி மட்டும் அரிச்சு மெலிசா தொங்குது. இப்ப உடம்பெல்லாம் அரிக்குது எனக்கு.

பூன்லே_பாட்டி:
அரிக்காது, அது ஆளைக் கடிக்காது. அந்துப்பூச்சி ஜாதி. பறக்குற பூச்சி ஒண்ணும் பண்றதில்ல, புழு தான் தின்னும். அதுக்கு முடி, சிலந்தி வலை, கம்பளி, பட்டு, இப்படி உயிர்ல இருந்து வந்தது தான் வேணும், அக்ரிலிக்கையும் காட்டனையும் சாப்பாடா நினைக்காது. அதனால அந்தப் பையில இருக்கிறது நல்ல கம்பளி, விலை குடுத்து வாங்கினது, வயிறு எரியத் தான் செய்யும். ரொம்ப அரிச்சதை கட்டிக் குப்பையில போடு. மிச்சத்தை ஜிப் பையில போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில போட்டு ஃப்ரீசர்ல வை, மைனஸ் 18ல ரெண்டு வாரம். வெளியே எடுத்ததும் திறந்துடாதே, நம்ம ஊர் காத்துக்கு உடனே வேர்த்துப் போயிடும், அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் பை மூடியே இருக்கட்டும், அப்ப தண்ணி பைக்கு வெளியில மட்டும் தான் படியும்.

அதோட பாச்சை உருண்டை வாங்கிப் போடலாம்னு யாராவது சொல்வாங்க, போடாதே. வீட்ல குழந்தை இருக்கா, இல்ல குழந்தைக்கு ஏதாவது பின்னிக் குடுக்கப் போறியா? ஜி6பிடி (ரத்த அணுவைக் காக்குற ஒரு என்சைம்) குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு அந்த உருண்டையில இருக்கிற நாப்தலின் ஆகவே ஆகாது, ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வந்துடும். சிங்கப்பூர்ல 1965ல இருந்து பிறக்குற குழந்தைக்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தத்துல அதை சோதிக்கிறதே இதுக்காகத் தான். என் பேரனுக்கு அந்தக் குறை இருக்கு, அதனால எங்க வீட்ல அந்த வாசனையே கிடையாது.

வெள்ளி_கிழமை:
எங்க அம்மா வேப்பிலை காய வெச்சு பீரோவுல போடுவாங்க, அதுவும் நல்லா இருக்கும் 🙂

பூன்லே_பாட்டி:
போடு, வாசம் நல்லா இருக்கும். ஏற்கனவே உள்ள இருக்கிற புழுவை அது கொல்லாது.

நாலு_ஊசி:
நிட்டிங் பண்ற ஆம்பளை நான், சிரிக்காதீங்க. லேபிள் இல்லாத நூலுக்கு ரெண்டு வழி. ஒண்ணு நெருப்பு: பத்து சென்டிமீட்டர் நூலை இடுக்கியில பிடிச்சு கிச்சன் சிங்க்குக்கு மேல கொளுத்துங்க, கையில பிடிச்சுட்டு கொளுத்தாதீங்க. முடி கருகுற நாத்தம் வந்து தானா அணைஞ்சு, சாம்பலை நசுக்கினா பொடியாச்சுன்னா கம்பளி. பேப்பர் மாதிரி எரிஞ்சா காட்டன். உருகி சொட்டி, ஆறினதும் கல்லு மாதிரி கறுப்பு மணி ஆச்சுன்னா அக்ரிலிக். கலப்பு நூல்ல கொஞ்சம் குழப்பும். ரெண்டாவது வழி, துணி வெளுக்கிற குளோரின் ப்ளீச் ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி துண்டு நூலைப் போட்டு ராத்திரி விட்டுடுங்க. காலைல கம்பளி கரைஞ்சு காணாம போயிருக்கும், அக்ரிலிக் சும்மா மிதந்துட்டு இருக்கும்.

ஈர நாத்தத்துக்கு: பாம் ஷெல்டர்ல ஜன்னல் கிடையாது, கதவு மூடினா காத்து நிக்கும், சிங்கப்பூர் ஈரப்பதத்துல அங்க எதை வெச்சாலும் நாறும். உருண்டையா துவைக்காதீங்க, உள்ள காயாது. நாற்காலி முதுகுல சுத்தி சிட்டமா எடுத்து, நாலு இடத்துல தளர்வா கட்டிட்டு, வெள்ளை வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணில ஊற வெச்சு அலசி, கம்புல மாட்டிக் காய விடுங்க. நல்ல வெயில் நாளா பாத்து பண்ணுங்க.

பூன்லே_பாட்டி:
ஒரே நாள்ல ப்ளீச்சும் வினிகரும் சொல்லிட்ட, சேத்துடப் போறாங்க. ரெண்டும் கலந்தா விஷக் காத்து வரும், பாம் ஷெல்டர் மாதிரி மூடின இடத்துல இன்னும் மோசம். ப்ளீச் டம்ளரை ஊத்திக் கழுவிட்டு வேற நாள் வினிகரை எடுங்க.

நாலு_ஊசி:
ஆமா பாட்டி, நான் சொல்லியிருக்கணும். நன்றி.

பொங்கோல்_அம்மா:
சனி ஞாயிறு முழுக்க இதே வேலை. கம்பளி 1.3 கிலோ, காட்டனும் மில்க் காட்டனும் (காட்டனோட செயற்கை இழை கலந்தது) 4.2, அக்ரிலிக் 9.5, தெரியாததும் வீணானதும் சேத்து 2. ஃப்ரீசர்ல கம்பளி பை நெத்திலிக்கும் நெய்மீனுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. எழுதி ஒட்டியும் வீட்டுக்காரர் நேத்து அதை மாவுன்னு எடுத்து வெளியே வெச்சுட்டார், நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பாத்தாங்க. ரெண்டு வார கணக்கை முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்.

இப்ப அக்ரிலிக் 9.5 கிலோ. பொம்மை பண்ணா ஒண்ணு 60 கிராம் தான் போகுது. இந்த ஜென்மத்துல முடியாது.

நாலு_ஊசி:
பொம்மையில குறையாது சிஸ், அது தான் விஷயமே. நூல் குறையணும்னா இழையைச் சேத்துப் பின்னணும். டிகே நூல் (ரொம்ப தடிமனும் இல்லாத மெலிசும் இல்லாத நூல்) நாலு இழையை ஒண்ணா பிடிச்சு 10 மில்லிமீட்டர் ஹுக்ல (கொக்கி ஊசி) சிங்கிள் குரோஷே, அதான் சாதா கண்ணி, போடுங்க. நான் போட்ட வாசல் மிதியடி 40க்கு 60 சென்டிமீட்டர், 450 கிராம் தின்னுச்சு, ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சுது. கலர் பொருந்தலையேன்னு கவலைப்படாதீங்க, நாலுல ஒரு இழை மட்டும் கடைசி வரைக்கும் ஒரே கலரா ஓடட்டும், மத்த மூணும் தீரத் தீர மாத்துங்க, கண்ணுக்கு வேணும்னே பண்ண மாதிரி தான் தெரியும். முடிச்சு போட்டு சேக்காதீங்க, அக்ரிலிக் வழுக்கி அவுந்துடும், பத்து சென்டிமீட்டர் பழசும் புதுசும் சேந்து ஓடினா போதும், நாலு இழை தடிமன்ல மறைஞ்சுடும்.

அடியில வழுக்காத வலை ஒண்ணு போடுங்க, இல்லன்னா மாமியார் வந்த அன்னிக்கே பிரச்சனை.

தோசைக்கல்:
சூடு பிடிக்கிற துணி பண்ணலாமே, நான் அக்ரிலிக்ல தான் பண்ணேன், சூப்பரா இருக்கு.

நாலு_ஊசி:
வேணாம் சிஸ். மேல நெருப்புல உருகுதுன்னு சொன்னேன்ல. தோசைக்கல்லுக்கு அதை வெச்சா உருகி கையில ஒட்டும். அதுக்கு காட்டன் தான், ரெண்டு மடிப்பா. அவங்க 4.2 கிலோவுல மில்க் காட்டனை விட்டுட்டு சுத்தக் காட்டன்ல பண்ணலாம்.

தோசைக்கல்:
அலமாக். சரி, என்னோடதை டீ கப்புக்கு அடியில வெச்சுக்கறேன்.

வெள்ளி_கிழமை:
டெம்பரேச்சர் பிளாங்கெட் போடுங்களேன், தினமும் அன்னிக்கு வெயிலுக்கு ஏத்த கலர்ல ஒரு வரி. இன்ஸ்டாவுல எல்லாரும் போடுறாங்க.

நாலு_ஊசி:
சிங்கப்பூர்லயா 😂 வருஷம் முழுக்க 31, 32, 33, அதே ஆரஞ்சு தான் வரும். இதுவரைக்கும் பதிவான உச்சமே 37.0, 1983ல தெங்காவுல ஒரு தடவை, 2023ல அங் மோ கியோவுல ஒரு தடவை. அந்த சிவப்பு நூலை பிரிக்கவே வேண்டி வராது. நம்ம ஊருக்கு மழை பிளாங்கெட் தான் சரி. மழை பெய்ஞ்சா ஒரு கலர் குடும்பம், பெய்யலன்னா இன்னொண்ணு. இங்க வருஷத்துக்கு சராசரியா 171 நாள் மழை, அதனால ரெண்டும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. ஒரு மீட்டர் அகலம், சிங்கிள் குரோஷே, ஒரு வரிக்கு 2.5 கிராம் போகும்னு வெச்சா மழைக்கு 430 கிராம், காய்ஞ்ச நாளுக்கு 485. நீலம் பச்சை மிச்சமெல்லாம் மழை, மஞ்சள் சிவப்பு பழுப்பு மிச்சமெல்லாம் வெயில். ஒரு உருண்டை அடுத்த வரிக்குப் பத்துமான்னு சந்தேகம் வந்தா கிச்சன் தராசுல வெச்சுப் பாருங்க, 3 கிராமுக்கு மேல இருந்தா தைரியமா ஆரம்பிக்கலாம். ஆனா இது ஒரு வருஷ வேலை, டிசம்பருக்கு உதவாது.

பூன்லே_பாட்டி:
எலுமிச்சை அளவு உருண்டைக்கு நான் சொல்றேன். தீபாவளி வருது, தோரணம் போடு. மஞ்சளும் ஆரஞ்சும் செவ்வந்தி, பச்சை மாவிலை. பூவுக்கு ஆறு கிராம், இலைக்கு மூணு கிராம், 11 பூ 10 இலை வெச்சா நூறு கிராம் கிட்ட, நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வாசக்காலுக்கு அளவா இருக்கும். பச்சை எத்தனை விதமா இருக்கோ அத்தனை நல்லது, நிஜ மாவிலையும் கொழுந்து ஒரு பச்சை முத்தல் ஒரு பச்சை தானே. இலை சுருண்டா மேல ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை படாம ஒரு இஞ்ச் தள்ளிப் பிடிச்சு ஆவி மட்டும் காட்டு, பெட்டி பட்டா அக்ரிலிக் பளபளன்னு செத்துப் போயிடும். தேக்காவுல (லிட்டில் இந்தியா) பிளாஸ்டிக் தோரணம் வாங்குறாங்க, எனக்குப் பிடிக்காது.

செங்காங்_அண்ணன்:
நான் சொன்னதை யாரும் கேக்கல. குறைஞ்சபட்சம் முதியோர் நிலையத்துல குடுங்களேன்.

பூன்லே_பாட்டி:
குடுக்கலாம், நான் போற இடத்துல வாங்கிக்குவாங்க, ஆனா முதல்ல போன் பண்ணிக் கேக்கணும். நாத்தம் அடிக்கிறதையும் சிக்கலையும் கொண்டு போய் இறக்கினா சிக்கெடுக்குறதே எங்களுக்கு வேலையாயிடும். போன வருஷம் ஒருத்தர் அப்படித் தான் மூணு பை கொண்டாந்து வெச்சுட்டு திரும்பிப் பாக்காம போயிட்டார். முழு உருண்டை, லேபிளோட, ஒரே கலர் மூணு நாலா இருந்தா சந்தோஷம்.

பொங்கோல்_அம்மா:
ஆறு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வீணானது 700 கிராம் குப்பைக்குப் போச்சு. நல்ல உருண்டையா 2.4 கிலோ எங்க பிளாக் பக்கத்து நிலையத்துல கேட்டுட்டுக் குடுத்தேன். மிதியடி மூணு, 1.35 கிலோ. மூணாவதுல தான் கை வந்துச்சு, முதல்ல போட்டது ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், பாத்ரூம் வாசல்ல போட்டாச்சு. தோரணம் மூணு, 300 கிராம். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு எதிர் வீட்டு மலாய் ஆன்ட்டிக்கு, அவங்களே ஆசைப்பட்டுக் கேட்டாங்க, ஒண்ணு மகளோட டீச்சருக்கு. பாட்டி சொன்ன மாதிரி நாலு பச்சை கலந்து போட்டேன், நிஜமாவே மாவிலை மாதிரி இருக்கு.

பாம் ஷெல்டர் காலி! மிச்சத்தை ஃபைபர் வாரியா மூடி போட்ட டப்பாவுல பிரிச்சு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், டப்பா மேல எத்தனை கிராம்னு எழுதி. நேத்து மொத்தமா எடை போட்டா 12 கிலோ 350. கணக்கு போட்டுப் பாத்தவங்களுக்கு 100 கிராம் இடிக்கும். ஆமா, பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் ஒரு வேலையா போயிருந்தேன். ரெண்டே ரெண்டு உருண்டை. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.

கறுப்பு அக்ரிலிக் மட்டும் 1.8 கிலோ இருக்கு, சேல்ல மொத்தமா வாங்கினது, ராத்திரி லைட்ல கண்ணி தெரியாம கண்ணு வலிக்குது. யாருக்காவது வேணுமா, சும்மா தான், பொங்கோல் எம்ஆர்டில வந்து வாங்கிக்கலாம்.

செங்காங்_அண்ணன்:
எனக்கு வேணும். பொண்ணு ஸ்கூல் டிராமாவுக்கு ராவணன் தலைமுடி பண்ணணுமாம், பத்து தலை. தூக்கிப் போடலையே?

பொங்கோல்_அம்மா:
இல்ல அண்ணா 😂 சனிக்கிழமை பதினொரு மணி, டிக்கெட் கேட் பக்கம்.

பூன்லே_பாட்டி:
பத்து தலைக்கு ஒன்றரை கிலோ போதும். மிச்சம் 300ஐ எனக்கு எடுத்து வை, நானும் வரேன். வேற கலர் ஏதாவது குடுக்குறதா இருந்தா அதையும் கொண்டா.