சவரப் பிரஷை உதறினால்தான் நுரை வருமா?

செந்தூல்காரன்:
"கைவினைச் சவர்க்காரத்தில் நுரை வரவில்லை என்று அழுகிறவர்கள் எல்லாரும் பிரஷை உதறத் தெரியாதவர்கள்." தண்ணீர்மலையான் அண்ணன் நேற்று இந்த மன்றத்தின் வேறோர் இழையில் உதிர்த்த முத்து இது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் உதறுவதே கிடையாது. பிரஷை வெந்நீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கட்டியில் வைத்துச் சுற்றுகிறேன். முதலில் சளசளவென்று ஓடும். விடாமல் அரை நிமிடம் சுற்றினால் தானாகக் கெட்டிப்படும். கன்னத்தில் பூசினால் தோலே தெரியாது. இதற்கு என்ன சொல்கிறார்?

தண்ணீர்மலையான்:
சொல்கிறேன் தம்பி. சொட்டச் சொட்ட வைத்தால் பாதிச் சவர்க்காரம் கரைந்து சிங்க்கில் ஓடிவிடும். உன் காசு, உன் சிங்க், எனக்கென்ன. முறை இதுதான்: பிரஷை ஊறவிட வேண்டும். எடுத்து நறுக்கென்று இரண்டு உதறு. பிறகு கட்டியில் சுற்றினால் நுனியில் வெள்ளையாக, கெட்டியாக ஒட்டும். அதைக் கிண்ணத்தில் போட்டு, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். எங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான் பார்த்த முடிதிருத்தும் கடை எல்லாவற்றிலும் உதறித்தான் போடுவார்கள். கோலாலம்பூர் செந்தூலில் எப்படியோ.

பட்டர்வொர்த் தம்பி:
ஒரு சந்தேகம் அண்ணே. நல்ல நுரை என்று எதைச் சொல்கிறீர்கள்? குமிழ் குமிழாகப் பொங்குவதையா, குமிழே தெரியாமல் கெட்டியாக நிற்பதையா? இரண்டும் வேறு வேறு இல்லையா?

தண்ணீர்மலையான்:
நல்ல நுரையைப் பார்த்தாலே தெரியும். உதறிப் பார்.

செந்தூல்காரன்:
உதறாமல் பார்த்தாலும் தெரியும். போன வாரம் அண்ணன் போட்ட படத்தைப் பார்த்தேன். இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் நுரை மாதிரி இருந்தது. படத்துக்கு அழகு, ரேசரை எடுப்பதற்குள் காணாமல் போயிருக்கும்.

ஜெலுத்தோங் அக்கா:
சவர்க்காரம் காய்ச்சி விற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். உதறுவதும் உதறாததும் பிறகு. முதலில் கட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பசார் மாலம் இரவுச் சந்தையில் 'சவரக் கட்டி' என்று விற்பதில் பல வெறும் குளியல் கட்டிகள்தான். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் மட்டும். தேங்காய் எண்ணெயில் பாதிக்கு நெருக்கமாக லாரிக் அமிலம். அது சீக்கிரம் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும், அதே வேகத்தில் உடையும், தோலையும் வறட்டும். நுரை நிற்க வேண்டுமானால் ஸ்டியரிக் அமிலம் தாராளமாக வேண்டும். அதைச் சோடாவில் மட்டும் காய்ச்சினால் கட்டி இறுகிப்போய் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கலக்கிறோம். கட்டி மெத்தென்று இருக்கும், பிரஷில் சட்டென்று ஏறும். கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் சேர்த்தால் இன்னும் நல்லது.

தண்ணீர்மலையான்:
வேதியியல் வகுப்புக்கு நன்றி தங்கச்சி. பிரஷை உதறுவீர்களா, மாட்டீர்களா?

ஜெலுத்தோங் அக்கா:
நான் எதற்கு அண்ணே உதறப்போகிறேன், சவரம் செய்வது என் வீட்டுக்காரர். கேட்டதற்குச் சொல்கிறேன்: அது பிரஷைப் பொறுத்தது. பன்றி முடி தண்ணீரை உறிஞ்சும். ஊறவைக்காமல் முக்கி மட்டும் எடுத்தால், சுற்றச் சுற்ற அது இன்னும் குடித்துக்கொண்டே இருக்கும். செந்தூல்காரர் சொட்டச் சொட்டப் போட்டும் கெட்டிப்படுவது அதனாலும் இருக்கலாம். செயற்கை நார் உறிஞ்சாது, தண்ணீர் நடுவில் தேங்கி நிற்கும். உதறாவிட்டால் அத்தனையும் கட்டியில் கொட்டும். தண்ணீர்மலை அண்ணனுடையது செயற்கை நார்தானே? அவரவர் பிரஷுக்கு அவரவர் சொல்வது சரி.

தண்ணீர்மலையான்:
எந்தப் பிரஷாக இருந்தாலும் உதறத்தான் வேண்டும்.

செந்தூல்காரன்:
எந்தப் பிரஷாக இருந்தாலும் வேண்டாம். அது இருக்கட்டும், என்னுடையது பன்றி முடி என்று அக்காவுக்கு யார் சொன்னது?

மழிக்காதவன்:
கைப்பிடியில் எழுதியிருக்கும் பாருங்கள். பன்றி, நாய் உறுப்பில் செய்த பொருள் என்றால் அடையாளம் போட்டுத் தனியாக விற்க வேண்டும் என்று 2013-லேயே ஆணை வந்துவிட்டது. 2017-ல் பெயின்ட் பிரஷ்களைக் கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்தார்களே, மறந்துவிட்டதா? வெள்ளிக்கிழமை சைவம் என்று எல்லா இழையிலும் எழுதுகிறீர்கள், அன்றைக்கும் அதில்தான் சவரமா?

செந்தூல்காரன்:
தாடிக்காரருக்கு இந்த இழையில் என்ன வேலை?

மழிக்காதவன்:
வேடிக்கை பார்க்கிற வேலை. தைப்பூசத்தில் மொட்டை போடுகிறவர்கள் வெறும் தண்ணீரைத் தடவி முழுத் தலையையும் மழித்து அனுப்புகிறார்கள். நீங்கள் இரண்டு கன்னத்துக்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள்.

தண்ணீர்மலையான்:
தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோலாலம்பூர்காரர்களுக்கு நுரை வராததற்கு இன்னொரு காரணம், பத்துமலைச் சுண்ணாம்பு. கடினத் தண்ணீர். சவர்க்காரத்தைத் திரித்து அழுக்குப் படலமாக ஆக்கிவிடும். எங்கள் பினாங்குத் தண்ணீருக்கு ஈடாகுமா?

செந்தூல்காரன்:
அண்ணே, எனக்கு நுரை வருகிறது என்றுதானே இழையையே தொடங்கினேன்! கோலாலம்பூர் குழாய்க்கு சிலாங்கூர் ஆற்றிலிருந்தும் லங்காட் ஆற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது. பத்துமலைப் பாறையை யாரும் பிழிந்து அனுப்பவில்லை. அப்புறம் 'எங்கள் பினாங்குத் தண்ணீர்' என்கிறீர்கள். அதில் பெரும்பகுதி கெடா மாநிலத்திலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றுத் தண்ணீர். கெடாக்காரர்கள் காசு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், முதலில் அதைத் தீருங்கள்.

பட்டர்வொர்த் தம்பி:
குமிழா, கெட்டியா? யாராவது சொல்லுங்களேன்.

தண்ணீர்மலையான்:
மூடா ஆற்றுக்கு எதற்குக் காசு? ஆறு என்ன கெடாவிலேயே நின்றுவிடுகிறதா? அரசியல் பேச இது இடமில்லை, இருந்தாலும் பேச வைக்கிறீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செந்தூல் தம்பி பூசுவது இங்கிலாந்துக் கட்டி, நம் அக்கா காய்ச்சியது இல்லை. அதிலிருக்கும் ஸ்டியரிக் அமிலம் எதிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்தாரா? பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்து. இந்த நாட்டில் வணிகத்துக்கென்று முதலில் செம்பனை நட்டது 1917-ல், கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாகக் குலை வெட்டிச் சுமந்தவர்களில் நம் பாட்டன் பாட்டி எத்தனை பேர்! அந்த எண்ணெய் கப்பலேறிப் போய், வெள்ளைக்காரன் பெயரை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தால் இவர்கள் பல மடங்கு விலை கொடுப்பார்கள். உள்ளூர்க்காரி காய்ச்சினால் குறை சொல்வார்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள் அண்ணே. தீபாவளிக்கு என்னிடம் கட்டி வாங்கி, 'நுரைக்கவே நுரைக்காது, யாரும் வாங்காதீர்கள்' என்று இங்கேயே எழுதியவர் செந்தூல்காரர். நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கட்டியைப் பத்து விநாடி தடவிவிட்டு விட்டிருப்பார். முதல் சில தடவை மேல்பரப்பு காய்ந்திருக்கும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சுற்ற வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

செந்தூல்காரன்:
நுரைக்கவில்லை, எழுதினேன். சீட்டில் உதறச் சொல்லியும் எழுதவில்லையே!

தண்ணீர்மலையான்:
அது எழுதித் தெரிய வேண்டியதா? அடுத்த பதிப்பில் சேருங்கள் தங்கச்சி.

ஜெலுத்தோங் அக்கா:
சேர்க்க மாட்டேன்.

நெறியாளர்:
நண்பர்களே, பிரஷைப் பற்றி மட்டும் பேசவும். மூடா ஆறு, சைவம், பழைய பாக்கி எல்லாவற்றுக்கும் தனி இழை தொடங்கலாம்.

தண்ணீர்மலையான்:
பிரஷைப் பற்றித்தான் பேசுகிறேன். செந்தூல் தம்பி காணொளி போடட்டும். உதறாமல் சுற்றி, பூசி, ஐந்து நிமிடம் முகத்தில் விட்டுக் காட்டட்டும்.

செந்தூல்காரன்:
ஐந்து நிமிடம் விட்டால் எவனுடைய நுரையும் காயும். அதுவும் அண்ணன் வீட்டு மாதிரி மின்விசிறிக்குக் கீழே நின்று சவரம் செய்தால்!

தண்ணீர்மலையான்:
மின்விசிறியா? என் வீட்டுக் கூடத்தில் நிலைக்கண்ணாடி இருக்கிறது, அங்கே நின்று செய்கிறேன். அதிலென்ன தப்பு?

மழிக்காதவன்:
கூடத்திலா? அக்கா, வீட்டுக்காரரிடம் இதைக் காட்டாதீர்கள்.

தண்ணீர்மலையான்:
கூடத்திலும் உதறித்தான் போடுகிறேன்.