சைக்கிள் ஓட்டவும் பாறை ஏறவும் எதை உடுத்துவது? இரண்டு வருட அனுபவம்

சிங்கப்பூரில், பிடோக்கில் வீடு. ஞாயிறு காலை ஐந்தரைக்கே கிளம்பி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாகச் சாங்கி வரை மிதித்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். இந்த இரண்டு வருடத்தில் உடுப்புக்குச் செலவழித்ததில் பாதி வீண். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காவது அந்தக் காசு மிஞ்சட்டும்.

வெயிலுக்குப் பருத்திதான் நல்லது என்று கேட்டு வளர்ந்தவன் நான். தேக்கா சந்தைக்கு நடந்து போய்வர அது சரி. இரண்டு மணி நேரம் மிதித்தால், பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே மறுக்கிறது. முதுகில் ஈரத்துணி ஒட்டினாற்போல் ஒரு கனம். மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்சிக்கு மாறியதும் அந்தக் கனம் போய்விட்டது. விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

அப்புறம் சைக்கிள் கால்சட்டை. உட்காரும் இடத்தில் பேட், அதாவது மெத்தை, வைத்தது, 70 சிங்கப்பூர் வெள்ளி. உள்ளே வழக்கம்போல ஜட்டியும் போட்டுக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்து குளிக்கத் தண்ணீர் ஊற்றியதும் தொடையிடுக்கு எரிந்தது பாருங்கள், அப்படியொரு எரிச்சல். ஜட்டியின் தையல் எங்கே ஓடுகிறதோ அங்கே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தோல் உரிந்திருந்தது. மறுவாரம் லகூன் உணவங்காடியில் தேநீர் குடிக்கும்போது, கூட ஓட்டும் அண்ணன் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, அதுக்குள்ள ஒண்ணும் போடக் கூடாது. பேட் நேரா தோல்மேல இருக்கணும். ஓட்டி முடிச்சதும் உடனே கழட்டித் துவைச்சிடுங்க." இதை எனக்கு விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலர் கூச்சப்பட்டே கேட்காமல் புண்ணோடு ஓட்டுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

மிகப் பெரிய வீண்செலவு மழை ஜாக்கெட். 220 வெள்ளி. மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும் என்று போட்டிருந்தது. விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு வந்த ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். கழற்றினால் உள்ளே வேட்டி பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது, அத்தனையும் வியர்வை. அந்தத் துணி வேலை செய்ய, உள்ளே ஈரமும் வெளியே உலர்ந்த காற்றும் இருக்க வேண்டும். மழை பெய்யும் சிங்கப்பூரில் உலர்ந்த காற்றுக்கு எங்கே போவது? குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது அருமையான பொருள். இப்போது நான் நனைந்துவிடுகிறேன். கைப்பேசிக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை. இடி கேட்டால் கூரை தேடி ஒதுங்கிவிடுவது.

காசு போட வேண்டிய இடம் ஹெல்மெட்டும் பின் விளக்கும். சாலையில் ஓட்ட 2019 பிப்ரவரியிலிருந்தே ஹெல்மெட் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும்.

ஒரு கேள்வி. நண்பர் ஒருவர் சனிக்கிழமை டைரி ஃபார்ம் கல்குவாரிக்குப் பாறை ஏறக் கூப்பிடுகிறார். இந்த சைக்கிள் ஹெல்மெட்டே போதுமா?

பதில்:

தம்பி, அதைக் கொண்டுவராதீர்கள். சைக்கிள் ஹெல்மெட் நாம் விழுந்து தலை தரையில் மோதுவதை நினைத்துச் செய்தது. பாறையில் மேலே இருந்து கல் விழும். ஏறுகிறவர்களுக்கான ஹெல்மெட்டை உச்சியில் எடையைப் போட்டுச் சோதிக்கிறார்கள். உள்ளே இருக்கும் சீட்டில் ஐரோப்பியத் தர எண்ணைப் பாருங்கள்: இஎன் 1078 என்றால் சைக்கிளுக்கு, இஎன் 12492 என்றால் பாறைக்கு. கீழே நின்று கயிறு பிடிப்பவரும் போட வேண்டும்.

ஹார்னஸ், அதாவது கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் வார், இணையத்தில் 20 வெள்ளிக்குப் பழையது கிடைக்கும், வாங்காதீர்கள். யார், எப்படி வைத்திருந்தார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புழங்காமலே இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் தயாரிப்பவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

காலணியை மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நம் வெக்கையில் கால் வீங்குகிறது, காலையில் சரியாக இருந்தது பாறையில் நகத்தை நசுக்கும். உள்ளங்கை வியர்ப்பவர் என்றால் கை வழுக்காமல் இருக்கத் திரவ சாக் (சுண்ணப்பொடிக் குழம்பு) பூசி, காய்ந்தபின் தூள் போடுங்கள்.

இன்னொன்று. நான் மூன்று வருடம் ஸ்டோர் ரூமில் பெட்டியோடு வைத்திருந்த மலை நடை பூட்ஸைப் போட்டுக்கொண்டு புக்கிட் தீமா குன்றின் படியில் இறங்கினேன். அடிப்பாகம் ஈர பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் தானாகவே சிதைகிறது. விசேஷத்துக்கு என்று பூட்டி வைக்காதீர்கள், போட்டுக்கொண்டே இருங்கள்.

பதில்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அக்கா, 1078தான். நண்பரிடம் பாறைக்கான ஹெல்மெட் இன்னொன்று இருக்கிறதாம், சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டேன். என் அலமாரியிலும் பெட்டியோடு ஒரு பூட்ஸ் இருக்கிறது, இன்று ராத்திரியே வெளியே எடுக்கிறேன்.